அக்பர்: கிறிஸ்துமஸ் குடிலுக்கு இடம் கொடுத்த முகலாயப் பேரரசர்

1590களின் கடைசி. லாகூர்தான் அப்போது முகலாயத் தலைநகரம். பேரரசர் அக்பரின் அனுமதியோடு 1597இல் அங்கே ஒரு தேவாலயம் திறக்கப்பட்டது. கிறிஸ்துமஸ் வந்ததும் இயேசு சபைப் பாதிரியார்கள் அதில் குடில் அமைத்தார்கள். அதைப் பார்க்க இந்துக்களும் முஸ்லிம்களும் திரண்டு வந்தார்கள் என்று அவர்களின் கடிதங்கள் சொல்கின்றன. கோவாவிலிருந்து வந்திருந்த அந்தப் பாதிரியார்களுக்கே இது ஆச்சரியம்தான்.

ஒரு முஸ்லிம் மன்னர் ஏன் இதற்கெல்லாம் இடம் கொடுத்தார்?

அக்பர் 1542இல் சிந்துவின் உமர்கோட்டில் பிறந்தார். 1556இல் அரியணை ஏறியபோது வயது 13. எழுதப் படிக்கக் கற்கவில்லை. புத்தகங்களை அடுத்தவர் வாசிக்கக் கேட்டே தெரிந்துகொண்டார். இந்து யாத்ரீகர்களிடம் வாங்கிவந்த வரியை 1563இல் ரத்து செய்தார். முஸ்லிம் அல்லாதவர்கள் கட்டிவந்த ஜிஸியா வரியை அடுத்த ஆண்டு நீக்கினார்.

ஆனால் அவர் பிறவியிலேயே மகான் என்று நினைத்துவிட வேண்டாம். 1568இல் சித்தூர்க் கோட்டையைப் பிடித்தபோது, உள்ளே இருந்த சுமார் 30,000 பேரைக் கொல்ல உத்தரவிட்டவரும் இதே அக்பர்தான். அந்த வெற்றியை மதப் போரின் வெற்றியாகவும் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 25.

சண்டையில் தொடங்கிய மாற்றம்

1575இல் ஃபதேபூர் சிக்ரியில் இபாதத் கானா என்ற விவாத மண்டபத்தைக் கட்டினார். முதலில் முஸ்லிம் அறிஞர்களுக்கு மட்டுமே அனுமதி. வியாழக்கிழமை இரவுகளில் கூடினார்கள். யார் எங்கே உட்காருவது என்பதிலேயே தகராறு வந்தது. பிறகு ஒருவரை ஒருவர் மதத்துரோகி என்று திட்டிக்கொண்டார்கள். நம்ம வாட்ஸ்அப் குரூப் சண்டைகள் கொஞ்சம் நினைவுக்கு வரலாம். ஒரே மதத்துக்குள்ளேயே இவ்வளவு பேதமா என்று வெறுத்துப்போன அக்பர், சில ஆண்டுகளில் மண்டபத்தின் கதவை இந்து, சமண, பார்சி, கிறிஸ்தவ அறிஞர்களுக்கும் திறந்துவிட்டார்.

அவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. ராக்கி கட்டிக்கொண்டார், நெற்றியில் திலகம் வைத்தார். குளிர்காலத்தின் முடிவில் வரும் சிவராத்திரி இரவில் யோகிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். சமணத் துறவி ஹீரவிஜய சூரி குஜராத்திலிருந்து நடந்தே வந்து சேர்ந்தார். வாகனம் ஏறுவது அவர் நெறிக்கு ஆகாது. அவர் கேட்டுக்கொண்டபடி, பர்யூஷண் பண்டிகை நாட்களில் உயிர்க்கொலையை அக்பர் தடை செய்தார். ஏழைகளுக்குச் சாப்பாடு போட முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் யோகிகளுக்கும் தனித்தனி இடங்கள் கட்டிக் கொடுத்தார்.

இதில் அதிகாரமும் கலந்திருந்தது. மகாபாரதத்தைப் பாரசீகத்தில் பெயர்க்கும் வேலையை அதைக் கொஞ்சமும் விரும்பாத பதாயூனியின் தலையிலும் கட்டினார். மறுக்க முடியாமல் செய்து முடித்த பதாயூனி, ரகசியமாக எழுதிய வரலாற்றில் புலம்பித் தீர்த்தார். மேலே சொன்ன சிவராத்திரி விருந்து நமக்குத் தெரியவருவதே அந்தப் புலம்பலால்தான்!

அழைத்தது ஒன்றுக்கு, வந்தது ஒன்றுக்கு

1580இல் ருடால்ஃப் அக்வாவிவா, மான்செராத்தே உள்ளிட்ட மூன்று பாதிரியார்கள் கோவாவிலிருந்து ஃபதேபூர் சிக்ரி வந்தார்கள். அழைத்தவர் அக்பர். அவர்கள் பரிசாகத் தந்த பைபிள் தொகுதிகளை முத்தமிட்டு, தலைமேல் வைத்துக்கொண்டார். அவர்கள் வழிபட அரண்மனை வளாகத்திலேயே இடம் தந்தார். இளவரசர் முராதுக்குப் பாடம் சொல்லித்தரும் பொறுப்பும் மான்செராத்தேவுக்குக் கிடைத்தது.

அக்பருக்கு வேண்டியிருந்தது உரையாடல். பாதிரியார்களுக்கு வேண்டியிருந்ததோ அவரது மதமாற்றம். இந்த முடிச்சு கடைசிவரை அவிழவே இல்லை. இஸ்லாத்தை அவர்கள் கடுமையாகத் தாக்கிப் பேசியபோதும், அவர்களின் உயிருக்கு ஆபத்து வராமல் அக்பர் பார்த்துக்கொண்டார். தான் மட்டும் மாறவில்லை.

ஏமாற்றத்தோடு அக்வாவிவா 1583இல் கோவா திரும்பினார். அங்கே நிலைமை நேர்மாறு. போர்ச்சுகீசியர்கள் இந்துக் கோயில்களை இடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் தங்கள் கோயில்களை இழந்து கொதித்துப்போயிருந்த குங்கொலிம் கிராமத்துக்கு, தேவாலயம் கட்ட இடம் பார்க்கச் சென்ற குழுவில் அக்வாவிவாவும் இருந்தார். ஜூலையில் கிராமத்தினர் அவரையும் உடன் சென்றவர்களையும் கொன்றார்கள். முஸ்லிம் அரசரின் அரண்மனையில் பத்திரமாகப் பூசை வைத்தவர், கிறிஸ்தவ அரசின் எல்லைக்குள் இறந்துபோனார்.

அக்பர் மீண்டும் பாதிரியார்களை வரவழைத்தார். 1595இல் ஜெரோம் சேவியர் தலைமையிலான குழு லாகூர் வந்தது. தேவாலயமும் குடிலும் வந்தது அதற்குப் பிறகுதான். இயேசுவின் வாழ்க்கையைச் சேவியர் பாரசீகத்தில் எழுதி 1602இல் அக்பரிடம் தந்தார். அரசவை ஓவியர்கள் அதற்குப் படம் வரைந்தார்கள். ஆக்ராவிலும் தேவாலயம் கட்ட அக்பர் இடம் தந்தார்.

1605 அக்டோபரில் அக்பர் இறந்தார். கடைசி நாட்களிலாவது மனம் மாறுவார் என்று சேவியர் காத்திருந்தார். அது நடக்கவில்லை. ஆக்ராவுக்கு அருகே சிக்கந்திராவில் இஸ்லாமிய முறைப்படி அடக்கம் செய்தார்கள். ஆக்ரா தேவாலயத்தைப் பேரன் ஷாஜகான் காலத்தில் இடித்தார்கள், பிறகு திரும்பவும் கட்டினார்கள். அக்பர் சர்ச் என்ற பெயரில் அது இன்றும் ஆக்ராவில் இருக்கிறது.