பிபி-க்கு மருந்தே இல்லாத காலம்: சர்ப்பகந்தா வேரை உலகறியச் செய்த டாக்டர் வகீல்

புதுக்கோட்டை மாவட்ட கிராமங்களில் இன்று பிபி மாத்திரை வீட்டு வாசலுக்கே வருது. 2021-ல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம்தான் காரணம். ஆனா, ஒருமுறை பக்கவாதம் வந்து மீண்டவர்களில் சிலர், உடம்பு தேறியதும் அந்த மாத்திரையை நிறுத்திடுறாங்க. 80 வருஷத்துக்கு முன்னாடி நிறுத்துறதுக்குக்கூட நல்ல மாத்திரை கிடையாது. அந்த நிலை மாற முக்கியக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர், பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல்.

யார் இவர்?

1911-ல் பம்பாயில் பிறந்த பார்சிக்காரர். லண்டனில் மருத்துவம் படித்துவிட்டு ஊர் திரும்பி, கே.இ.எம். மருத்துவமனையில் இதயநோய் மருத்துவராகப் பணியாற்றினார்.

அப்போது உயர் ரத்த அழுத்தத்துக்கு ஓய்வும், உப்பைக் குறைப்பதும்தான் பெரும்பாலும் சிகிச்சை. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கே அதுதான் நிலைமை. 1945 ஏப்ரல் 12 அன்று அவரது பிபி 300/190. மூளையில் ரத்தம் கசிந்து அன்றே இறந்துபோனார்.

வேரில் இருந்த விஷயம்

சர்ப்பகந்தா வேர் நம்ம நாட்டு வைத்தியத்தில் பழசு. அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று 1931-லேயே இந்திய மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள். வெளிநாட்டில் யாரும் பெரிதாகக் கண்டுக்கல.

வகீல் 50 நோயாளிகளுக்கு அதைக் கொடுத்து, பிபி எவ்வளவு இறங்குது என்று அளந்து எழுதி வைத்தார். 1949-ல் ‘பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்’ அதை வெளியிட்டது. உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-ல் அந்த வேரிலிருந்து ‘ரெசர்பைன்’ என்ற மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. வகீலுக்கு 1957-ல் அமெரிக்காவின் லாஸ்கர் விருதும், 1958-ல் பத்மபூஷணும் கிடைத்தன.

அதனால் என்ன பயன்?

மாத்திரை பிபியைக் குறைக்கும், சரி. பக்கவாதத்தைத் தடுக்குமா? 1967-ல் அமெரிக்காவில் பதில் கிடைத்தது. பிபி மிக அதிகமாக இருந்த 143 பேரில் ஒரு பாதிக்கு ரெசர்பைன் உள்ளிட்ட மருந்துகள், மறுபாதிக்கு வெறும் மாத்திரை. மருந்து எடுக்காதவர்களில் 27 பேருக்கு பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள். மருந்து எடுத்தவர்களில் 2 பேருக்கு மட்டும்தான்.

வகீல் 1974-ல் மறைந்தார். மனச்சோர்வு போன்ற பக்கவிளைவுகளால் ரெசர்பைனும் பின்னுக்குப் போய், புது மருந்துகள் வந்தன.

ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களுக்கு? 2001-ல் வெளியான ‘புரோகிரஸ்’ ஆய்வில் அப்படிப்பட்ட 6,105 பேர் இருந்தார்கள். பிபி சராசரியாக 9/4 அளவு குறைந்ததற்கே, மறுபடி பக்கவாதம் வருவது 28% குறைந்தது. பிபி நார்மலாக இருந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது.

நாம் என்ன செய்யணும்?

பக்கவாதம் வந்தவர்களுக்கு பிபி 130/80-க்குக் கீழே இருப்பது நல்லது என்பது பொதுவான கணக்கு. உங்க அளவு எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்லணும். சர்ப்பகந்தா வேரை நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம், ஆபத்து. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை என்பதற்காக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். பிபி அடங்கியிருப்பதே அந்த மாத்திரையால்தான். இந்த வாரம் ஊருக்கு போன் போட்டா, அப்பாவிடம் கேளுங்க: மாத்திரை போட்டாச்சா?