சின்னக் காரில் பெரிய வீரர்

அனுமந்தன்பட்டிப் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்திருப்பீர்கள். பெரிய மாட்டோடு பூஞ்சிட்டு மாட்டை ஓட விடமாட்டார்கள். சமமான ஜோடிகளுக்கே போட்டி.

கார் பந்தயத்திலும் அந்த நியாயத்தைக் கொண்டுவந்தவர் கோவை கரிவர்தன். பெரிய ஆலைக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னையை அடுத்த சோழவரத்தில் அதிவேகக் கார்கள் ஓட்டி வென்றவர். ஆனால் அத்தகைய கார் வாங்கப் பெரும் பணம் வேண்டும். ஏழை இளைஞன் எங்கே போவான்?

1980-களில் அவர் ‘பார்முலா மாருதி’ என்ற சிறு பந்தயக் காரை உருவாக்கினார். எல்லாக் காருக்கும் ஒரே மாருதி 800 எஞ்சின். வேகமும் குறைவு, செலவும் குறைவு. இனி ஓட்டுபவரின் திறமைதான் வெல்ல வேண்டும்.

1995-ல் கரிவர்தன் விமான விபத்தில் மாண்டார். அந்தச் சின்னக் காரில் பழகிய கோவை இளைஞர் நாராயண் கார்த்திகேயன், 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார்.