ஆல்ஃபிரட் பியூக்கி

ஆல்ஃபிரட் பியூக்கி (ஜூலை 11, 1879 - அக்டோபர் 27, 1959) சுவிட்சர்லாந்து நாட்டைச் சேர்ந்த இயந்திரப் பொறியாளர் ஆவார். கப்பல், தொடருந்து, தானுந்து ஆகியவற்றின் பொறிகளில் பயன்படும் டர்போசார்ஜர் என்னும் கருவியைக் கண்டுபிடித்தவர் என இவர் அறியப்படுகிறார். இதற்கான காப்புரிமம் 1905 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆம் நாளுக்குரியது. அப்போது இவருக்கு வயது 26. எனினும் இக்கருத்து நம்பகமாக இயங்கும் கருவியாக மாறுவதற்கு மேலும் 20 ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் பழைய மசில் கார் வகைத் தானுந்துகளின் பொறியில் டர்போசார்ஜர் பொருத்த முனைவோர் இன்று தீர்க்க வேண்டிய சிக்கல்கள் பல, பியூக்கி அந்த 20 ஆண்டுகளில் எதிர்கொண்டவையே.

இளமையும் கல்வியும்

பியூக்கி சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் பிறந்தார். இவருடைய தந்தை அந்நகரில் இருந்த சுல்சர் இயந்திர நிறுவனத்தில் உயர் பொறுப்பில் பணியாற்றியவர். 1899 இல் சூரிக்கு நகரிலுள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்து இயந்திரவியல் பயின்று 1903 இல் பட்டம் பெற்றார். நீராவிச் சுழலிகள் பற்றிய ஆய்வில் உலகப் புகழ் பெற்றிருந்த ஆரெல் ஸ்டொடொலா அக்காலத்தில் அங்குப் பேராசிரியராக இருந்தார். பட்டம் பெற்றபின் பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் சில காலம் பணியாற்றிய பியூக்கி, பின்னர் தாயகம் திரும்பிச் சுல்சர் நிறுவனத்தில் ஆய்வுகளில் ஈடுபட்டார்.

1905 ஆம் ஆண்டுக் காப்புரிமம்

ஒரு பொறி எவ்வளவு எரிபொருளை எரிக்க முடியும் என்பது அதன் உருளைக்குள், அதாவது சிலிண்டருக்குள், எவ்வளவு காற்று புகுகிறது என்பதைப் பொறுத்தது. காற்றை முன்கூட்டியே அமுக்கிச் செலுத்தினால் அதே அளவுள்ள பொறியிலிருந்து கூடுதல் திறன் கிடைக்கும். இக்கருத்து பியூக்கிக்கு முன்பே இருந்தது. கொட்லீப் டைம்லர் 1885 இலேயே இதற்குக் காப்புரிமம் பெற்றிருந்தார். ஆனால் அவ்வகைக் காற்றமுக்கியைச் சுழற்றுவதற்குப் பொறியின் திறனிலேயே ஒரு பகுதியைச் செலவிட வேண்டும்.

பியூக்கியின் கவனம் வீணாகும் ஆற்றலின் மீது சென்றது. எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வெப்பமாகக் குளிர்நீர் வழியாகவும் புகை வழியாகவும் வெளியேறிவிடுகிறது. அவ்வாறு வெளியேறும் சூடான புகையைக் கொண்டு ஒரு சுழலியை இயக்கி, அச்சுழலியைக் கொண்டு காற்றமுக்கியை இயக்கலாம் என்பது இவரது எண்ணம். காப்புரிமத்தில் காட்டப்பட்ட வடிவத்தில் காற்றமுக்கி, பொறி, சுழலி ஆகிய மூன்றும் ஒரே தண்டில் வரிசையாக இணைக்கப்பட்டிருந்தன. பொறியின் தண்டிலிருந்து பிரிந்து சுழலியும் காற்றமுக்கியும் தனித்துச் சுழலும் இன்றைய வடிவம் பின்னர் வந்தது.

தோல்விகள்

சுல்சர் நிறுவனம் 1911 இல் இதற்கென ஒரு சோதனை நிலையத்தை அமைத்தது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915 இல் முதல் மாதிரி உருவாக்கப்பட்டது. உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால் வானூர்திப் பொறிகள் திறன் இழப்பதை ஈடுசெய்வதே அதன் நோக்கம். ஆனால் அம்மாதிரி நம்பகமாக இயங்கவில்லை, வரவேற்பும் கிடைக்கவில்லை. அக்காலத்துச் சுழலிகளின் பயனுறுதிறன் குறைவு. தொடர்ந்து வெப்பத்தைத் தாங்கவல்ல உலோகங்களும் அப்போது அரிது.

இதே காலத்தில் பிரான்சில் ஒகுஸ்ட் ராத்தோவும் அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மாஸும் வானூர்திப் பொறிகளுக்காக இத்துறையில் உழைத்தனர். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த மாஸ் 1918 இல் லிபர்ட்டி வானூர்திப் பொறியைக் கொலராடோவில் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு ஏற்றிச் சென்று சோதித்தார். கடல் மட்டத்தில் 350 குதிரைத்திறன் தந்த அப்பொறி மலையுச்சியில் 230 குதிரைத்திறனே தந்தது. டர்போசார்ஜர் இணைத்தபோது 356 ஆக உயர்ந்தது. கண்டுபிடித்தவரின் மாதிரி புறக்கணிக்கப்பட்ட மூன்றே ஆண்டுகளில் வேறொருவரின் கருவி கருத்தை மெய்ப்பித்தது என்பது பியூக்கியின் வாழ்க்கையில் கசப்பான ஒரு கட்டமாக இருந்திருக்க வேண்டும். எனினும் இவர் தம் முயற்சியைக் கைவிடவில்லை.

துடிப்பு முறை

1925 இல் பியூக்கி தம் பெயரில் மற்றொரு காப்புரிமம் பெற்றார். புகழ் 1905 ஆம் ஆண்டுக் காப்புரிமத்துக்கே கிடைத்திருந்தாலும் பொறியியல் நோக்கில் முதன்மையானது இதுவே.

பொறியிலிருந்து புகை சீரான ஓட்டமாக வெளியேறுவதில்லை. வெளியேற்று வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும் உயர் அழுத்தத்துடன் ஒரு துடிப்பாகப் பாய்கிறது. எல்லா உருளைகளின் புகையையும் ஒரே பெரிய குழாயில் சேர்த்தால் துடிப்பின் வேகம் அங்கே சிதறிவிடும். அத்துடன் ஓர் உருளையிலிருந்து வரும் துடிப்பு, அதே நேரத்தில் வால்வு திறந்திருக்கும் மற்றோர் உருளைக்குள் புகையைத் திருப்பித் தள்ளும். பியூக்கி குழாய்களைக் குறுகலாக அமைத்து, துடிப்புகள் ஒன்றோடொன்று மோதாத வகையில் உருளைகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவின் புகையையும் தனித்தனியே சுழலிக்குக் கொண்டுசென்றார். எடுத்துக்காட்டாக, ஆறு உருளைப் பொறியில் முதல் மூன்று ஒரு குழு, அடுத்த மூன்று மற்றொரு குழு. ஒரு குழுவினுள் இரு துடிப்புகளுக்கு இடையே கிராங்க் தண்டு 240 பாகை சுழன்றுவிடுகிறது.

இரண்டு துடிப்புகளுக்கு இடையில் குழாயில் அழுத்தம் தாழும் நேரத்தில் உள்ளிழு வால்வும் வெளியேற்று வால்வும் சிறிது நேரம் சேர்ந்து திறந்திருக்குமாறு இவர் அமைத்தார். அப்போது அமுக்கப்பட்ட புதிய காற்று உருளையின் ஊடாகப் பாய்ந்து எஞ்சிய புகையைத் துடைத்து அகற்றுகிறது. வால்வுகளும் உருளையின் தலைப்பகுதியும் குளிர்கின்றன. பொறியைக் கூடுதல் வெப்பத்துக்கு உள்ளாக்காமல் திறனைக் கூட்ட முடிந்தது இதனால்தான்.

கப்பல்களும் கூட்டமைப்பும்

இதற்கிடையே, 1923 இல் செருமனியப் போக்குவரத்து அமைச்சு கிழக்குப் பிரசியக் கடல்வழிச் சேவைக்காகப் பிராய்சன், ஹன்சஸ்டாட் டான்சிக் என்னும் இரு பயணிகள் கப்பல்களைக் கட்டப் பணித்திருந்தது. இவற்றின் பத்து உருளை டீசல் பொறிகளுக்குப் பியூக்கியின் மேற்பார்வையில் டர்போசார்ஜர்கள் பொருத்தப்பட்டன. ஒவ்வொரு பொறியின் திறனும் 1,750 இலிருந்து 2,500 குதிரைத்திறனாக உயர்ந்தது. கப்பல்கள் 1926 இல் நீரில் இறக்கப்பட்டன. இவ்விரு கப்பல்களும் 1941 சூலை 9 அன்று சுவீடனின் ஓலாண்டு தீவுக்கு அருகே கண்ணிவெடிகளில் சிக்கி மூழ்கின.

பின்னர் பியூக்கி கூட்டமைப்பு என்னும் ஏற்பாடு உருவானது. பொறியியல் பணியையும் வாடிக்கையாளர் தொடர்பையும் பியூக்கி கவனித்தார். பாடன் நகரின் பிரவுன் பொவேரி நிறுவனம் டர்போசார்ஜர்களைச் செய்தது. வின்டர்தூரின் சுவிசு தொடருந்துப்பொறி இயந்திரத் தொழிற்சாலை சோதனைக்கு டீசல் பொறிகளை வழங்கியது. சூரிக்குப் பேராசிரியர் ஸ்டொடொலாவே இத்தகைய ஒரு பொறியைச் சோதித்து 1928 இல் முடிவுகளை வெளியிட்டார். அவருடைய பெயர் கொண்ட சான்று பொறியாளர்களிடையே இருந்த ஐயத்தைப் பெரிதும் குறைத்தது. 1938 இல் சாவ்ரர் நிறுவனம் டர்போசார்ஜர் பொருத்திய சரக்குந்தை வெளியிட்டது. அதே ஆண்டில் தாம் பயின்ற கழகத்திடமிருந்து பியூக்கி மதிப்புறு முனைவர் பட்டம் பெற்றார். 1959 இல் வின்டர்தூரில் காலமானார்.

தானுந்துகளில்

கப்பலிலும் தொடருந்திலும் வெற்றி பெற்ற டர்போசார்ஜர், பெட்ரோல் தானுந்துக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆனது. டீசல் பொறியில் அமுக்கப்படுவது காற்று மட்டுமே. பெட்ரோல் பொறியிலோ எரிபொருளும் காற்றும் கலந்து அமுக்கப்படுவதால், அழுத்தமும் வெப்பமும் மிகுந்தால் கலவை உரிய நேரத்துக்கு முன் தானே வெடித்து உந்துதண்டை உடைத்துவிடும். மேலும் கப்பல் பொறி மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் ஓடுகிறது. தானுந்தின் வேகமோ நொடிக்கு நொடி மாறுகிறது.

பியூக்கி இறந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1962 இல், அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், செவ்ரோலெட் கோர்வேர் மோன்சா ஸ்பைடர் ஆகிய இரண்டும் டர்போசார்ஜருடன் வெளிவந்தன. ஜெட்ஃபயரின் 215 கன அங்குல (3.5 லிட்டர்) அலுமினிய வி8 பொறி 215 குதிரைத்திறன் தந்தது. ஆனால் அதன் அமுக்க விகிதம் 10.25:1 என்னும் உயர்ந்த அளவிலேயே விடப்பட்டிருந்தது. முன்வெடிப்பைத் தடுக்க, நீரும் மெத்தனாலும் கலந்த நீர்மம் காற்றுடன் தெளிக்கப்பட்டது. உரிமையாளர்கள் பலர் அதன் கலத்தை நிரப்ப மறந்தனர். கலம் காலியானால் பொறியின் திறன் தானாகக் குறைக்கப்படும். ஜெட்ஃபயர் 1963 உடன் நின்றது.

1964 இல் வெளிவந்த 389 கன அங்குலப் பொண்டியாக் ஜிடிஓ தொடங்கிய மசில் கார் அலையில் எவரும் டர்போசார்ஜரை நாடவில்லை. மலிவான பெட்ரோல் கிடைத்த நாட்டில் பொறியைப் பெரிதாக்குவதே எளிய வழியாக இருந்தது. 1973 ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்கும் புகைக் கட்டுப்பாடுகளுக்கும் பின்னரே நிலை மாறியது. 1987 இல் 547 மட்டுமே தயாரிக்கப்பட்ட பியூக் ஜிஎன்எக்ஸ், 3.8 லிட்டர் வி6 பொறியில் டர்போசார்ஜருடன் 276 குதிரைத்திறன் கொண்டதாக அறிவிக்கப்பட்டது. அதில் அமுக்கப்பட்ட காற்றை உருளைக்குள் செலுத்துமுன் குளிர்விக்கும் இடைக்குளிர்ப்பியும் இருந்தது.

பழைய வி8 பொறிகளில் பியூக்கியின் முறை

1960களின் வி8 பொறியில் டர்போசார்ஜரைப் பொருத்துவோர் முதலில் முடிவு செய்ய வேண்டியது கருவியின் அளவன்று, அமுக்க விகிதம். அப்பொறிகளில் பல 10:1க்கும் மேற்பட்ட விகிதத்துடன் வந்தவை. பொதுவாக அதை 8 அல்லது 9 அளவுக்குக் குறைத்து, வார்ப்பு உந்துதண்டுகளுக்கு மாற்றாக அடித்து உருவாக்கிய உந்துதண்டுகளை இடுவர். அடுத்தவை இடைக்குளிர்ப்பி, எரிபொருள் வழங்கல், தீப்பொறி நேரத்தைப் பிற்படுத்தல் ஆகியன. டர்போசார்ஜரின் தாங்கிகளிலிருந்து எண்ணெய் தானே வழிந்து திரும்ப வேண்டும் என்பதால் அதைப் பொறியின் எண்ணெய்த் தொட்டிக்கு மேலாக அமைக்க வேண்டும். சிறியதாகத் தோன்றினாலும், இடம் குறைந்த பழைய வண்டிகளில் இது பெருஞ்சிக்கலாகும்.

துடிப்பு முறையைப் பொறுத்தவரை அமெரிக்க வி8 ஒரு கடினமான பொறி. அதன் ஒவ்வொரு பக்கத்து நான்கு உருளைகளிலும் ஓர் இணை 90 பாகை இடைவெளியில் அடுத்தடுத்து எரிகிறது. ஆகவே பக்கத்துக்கு ஒரு குழாய் என அமைத்தால் துடிப்புகள் மோதிக்கொள்ளும். செலவையும் இடத்தையும் கருதிப் பக்கத்துக்கு ஒரு டர்போசார்ஜர் பொருத்தி இக்குறையைப் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கின்றனர். 2009 இல் பிஎம்டபிள்யூ எக்ஸ்5 எம், எக்ஸ்6 எம் வண்டிகளின் வி8 பொறியில் டர்போசார்ஜர்கள் இரு பக்கங்களுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் வைக்கப்பட்டு, இரு பக்கத்து உருளைகளின் குழாய்களும் குறுக்காக இணைக்கப்பட்டன. எரியும் வரிசைப்படி குழுக்களாகப் பிரிக்கப்பட்ட துடிப்புகள், இரு வழி கொண்ட சுழலிக்குள் தனித்தனியே செலுத்தப்பட்டன.