19 உயிர்கள், ஒரு இடுக்கி: பிளேக் தடுப்பூசி தந்த ஹாஃப்கின் மீது பழி விழுந்தது எப்படி?

கொரோனா காலத்தில் அரூர் முதல் சென்னை வரை தமிழக அரசு போட்ட கட்டுப்பாடுகளுக்கு அடிப்படையாக இருந்த சட்டங்களில் ஒண்ணு, 1897-ல் வந்த தொற்றுநோய்ச் சட்டம். பம்பாயைப் பிளேக் உலுக்கியபோது பிரிட்டிஷ் அரசு அவசரமாகக் கொண்டுவந்த சட்டம் அது. அதே ஆண்டு, அதே பம்பாயில்தான் பிளேக் தடுப்பூசியும் வந்தது. அதைத் தந்தவர் வால்டெமார் ஹாஃப்கின்.

யார் இவர்?

1860-ல் ஒடெசா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது காலரா தடுப்பூசியை உருவாக்கி, 1892-ல் தனக்கே போட்டுப் பார்த்தார். அடுத்த ஆண்டே இந்தியா வந்தார். பிளேக் பரவியதும் அரசு அவரைப் பம்பாய்க்கு அனுப்பியது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் சில மாதங்களில் மருந்து தயார். 1897 ஜனவரி 10-ல் முதல் ஊசி போட்டுக்கிட்டவரும் அவரேதான்.

முல்கோவாலில் நடந்தது என்ன?

1902 அக்டோபர் 30. பஞ்சாபில் அரசு பெரிய அளவில் தடுப்பூசி முகாம் நடத்திய நேரம். முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போட்டாங்க. அதில் 19 பேர் டெட்டனஸ் வந்து இறந்துபோனார்கள். 19 பேருக்கும் மருந்து எடுத்தது ஒரே பாட்டிலில் இருந்து.

அரசு அமைத்த விசாரணைக் குழு, பம்பாய் ஆய்வகத்திலேயே மருந்து கெட்டிருக்கணும் என்றது. தயாரிப்பில் கார்பாலிக் அமிலம் சேர்ப்பதை ஹாஃப்கின் நிறுத்தியதைக் காரணமாகச் சொன்னது. அவர் பதவி இழந்து இந்தியாவை விட்டே போனார்.

மறைந்துபோன தகவல்

அந்த பாட்டிலைத் திறந்த இடுக்கி தரையில் விழுந்திருக்கு. அதைக் கிருமிநாசினியில் லேசா அலசிட்டு மறுபடி பயன்படுத்தியிருக்காங்க. டெட்டனஸ் கிருமி மண்ணில் வாழ்வது. விசாரணையிலேயே வந்த இந்தத் தகவலுக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை.

இதில் அரசியல் எங்கே? பழி ஆய்வகத்தின் மேல் விழுந்தால் ஒரு ஆளோடு விஷயம் முடிஞ்சுடும். களத்தில் தவறு என்றால், அரசே நடத்திய முகாம் கேள்விக்கு உள்ளாகும். கருவி சுத்தமா இல்லை என்று போய்ச் சேரவேண்டிய செய்தி, மருந்தே சரியில்லை என்று மக்களிடம் போய்ச் சேர்ந்தது. பஞ்சாப் முகாம் முடங்கியது. 1907-ல் மட்டும் இந்தியாவில் பிளேக்குக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள்.

பிறகு?

மலேரியா ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற ரொனால்டு ராஸ் உள்ளிட்ட விஞ்ஞானிகள் 1907-ல் லண்டன் பத்திரிகையில் வெளிப்படையாக வாதாடிய பிறகே ஹாஃப்கின் மீதான பழி நீங்கியது. திரும்பி வந்தவருக்குப் பழைய பம்பாய்ப் பொறுப்பு கிடைக்கவில்லை, கல்கத்தாவில்தான் வேலை. 1925-ல் பம்பாய் ஆய்வகத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். 1930-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இறந்தார். மும்பை பரேலில் ஹாஃப்கின் நிறுவனம் இன்றும் இயங்குகிறது.