பெயர் சூட்டியவர்

1962 மே மாதம், இலண்டனில் வெளிவந்துகொண்டிருந்த ஜாஸ் நியூஸ் என்னும் இதழில் ஒரு சிறு விளம்பரம் இடம்பெற்றது. புளூஸ் இசைக்குழு ஒன்று தொடங்கப்படவிருக்கிறது, கலைஞர்கள் தேவை என்பதே அதன் சாரம். விளம்பரம் கொடுத்தவர் இருபது வயது இளைஞர் பிரையன் ஜோன்ஸ். அவ்விளம்பரத்தின் வழியே உருவான குழுதான் ரோலிங் ஸ்டோன்ஸ்.

ஜோன்ஸ் 1942 பிப்ரவரி 28 அன்று இங்கிலாந்தின் செல்ட்டனம் நகரில் பிறந்தார். தந்தை விமானப் பொறியாளர். தாய் பியானோ ஆசிரியை. இளமையிலேயே இளைப்பு நோய் பற்றியது. படிப்பில் கெட்டிக்காரர், கட்டுப்பாட்டுக்கு அடங்காதவர். பியானோ, கிளாரினெட், சாக்சபோன், கிட்டார் என்று கைக்குக் கிடைத்த கருவியையெல்லாம் விரைவில் வசப்படுத்தினார். பதின்வயதிலேயே தந்தையாகி, அப்பொறுப்பை ஏற்காமல் ஊரைவிட்டு அகன்றார். இசையில் அவர் காட்டிய நேர்மையை வாழ்க்கையில் காட்டவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் எல்மோர் ஜேம்ஸின் வாசிப்பு அவரை ஆட்கொண்டது. விரலில் மாட்டிய குழாயை நரம்புகளின்மேல் வழுக்கி, சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையிலுள்ள வெளியைப் பேசவைக்கும் முறை அது. நம் கோட்டுவாத்தியம் கேட்டவர்க்கு அந்தக் குழைவு புதிதன்று. இங்கிலாந்தில் அதனை அன்று கையாண்டோர் மிகச் சிலர். எல்மோ லூயிஸ் என்று புனைபெயர் சூடி ஈலிங் மன்றத்தில் அவர் வாசித்த ஓரிரவில் கேட்டு வியந்து நின்றவர்களுள் மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்சும் இருந்தனர்.

விளம்பரம் கண்டு முதலில் வந்தவர் பியானோக் கலைஞர் இயன் ஸ்டூவர்ட். பின்னர் ஜாகரும் ரிச்சர்ட்சும் சேர்ந்தனர். குழுவின் பெயரென்ன என்று இதழ் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் கேட்டபோது, அருகில் கிடந்த மடி வாட்டர்ஸ் இசைத்தட்டிலிருந்த பாடலொன்றின் பெயரை ஜோன்ஸ் சொல்லிவிட்டார் என்பர். 1962 சூலை 12 அன்று மார்க்கீ மன்றத்தில் அப்பெயரோடு குழு முதன்முறை மேடையேறியது. நிகழ்ச்சி பேசுவது, கடிதம் எழுதுவது, எதை வாசிப்பதென முடிவு செய்வது எல்லாம் அவரே. தலைவர் என்ற உரிமையில் வாரம் 5 பவுன் கூடுதலாக, பிறர் அறியாமல், பெற்றுவந்தார். அது வெளிப்பட்டபோது விழுந்த கீறல் பின்னர் ஆறவில்லை.

1963இல் மேலாளராக வந்த ஆண்ட்ரூ ஓல்ட்ஹம், தோற்றம் பொருந்தவில்லையென்று ஸ்டூவர்ட்டை மேடையிலிருந்து விலக்கினார். தம் அழைப்பை ஏற்று முதலில் வந்தவரை விலக்க ஜோன்ஸும் இணங்கினார்.

அடுத்து ஓல்ட்ஹம் செய்ததே ஜோன்ஸின் விதியை முடிவுசெய்தது. பிறர் பாடலைப் பாடினால் உரிமைத்தொகை பிறருக்கே செல்லும். எனவே சொந்தப் பாடல் வேண்டும் என்று ஜாகரையும் ரிச்சர்ட்சையும் வற்புறுத்தினார். இருவரையும் சமையலறையில் வைத்துப் பூட்டினார் என்றொரு கதையே வழங்குகிறது. அவர்கள் எழுதத் தொடங்கினர். ஜோன்ஸால் எழுத இயலவில்லை. 1967இல் ஷ்லோண்டார்ஃப் இயக்கிய ஜெர்மானியப் படமொன்றுக்கு முழு இசையும் அமைத்தவர் அவர். ஆக, இசை ஊறாதவர் அல்லர். சொல்லும் மெட்டும் இணைந்த பாடலாக அதனைப் பிறர்முன் வைக்கும் துணிவுதான் கடைசிவரை வாய்க்கவில்லை. இசைத்தட்டு உலகில் பாடலின்கீழ் எவர் பெயர் உள்ளதோ அவர்க்கே பொருளும் புகழும் அதிகாரமும். குழுவுக்குப் பெயரிட்டவரின் பெயர் பாடல்களின்கீழ் இல்லை.

எனினும் அப்பாடல்களைக் கேட்போர் செவியில் முதலில் தங்குவது பலவேளை ஜோன்ஸின் ஒலியே. 1964 இறுதியில் பிரிட்டிஷ் விற்பனையில் முதலிடம் பெற்ற லிட்டில் ரெட் ரூஸ்டரின் வழுக்கு கிட்டார் அவருடையது. 1966இல் பெயின்ட் இட் பிளாக் பாடலுக்குச் சித்தாரும், அண்டர் மை தம்புக்கு மாரிம்பாவும், லேடி ஜேனுக்கு டல்சிமரும் அவர் அளித்தவை. ரூபி டியூஸ்டேயில் ஒலிக்கும் குழலும் அவர் ஊதியதே. பிறர் எழுதிய வரிகளுக்கு வண்ணம் ஏற்றிக்கொண்டே அவர் தம் கிட்டாரை விட்டு விலகிப்போனார்.

1967இல் காதலி அனிட்டா பாலன்பெர்க் அவரை நீங்கி ரிச்சர்ட்சுடன் சென்றார். ஜோன்ஸ் அவரிடம் காட்டிய வன்முறையை மறைத்து இதனைக் கூறுவது முறையன்று. போதைப்பொருள் வழக்கில் அவ்வாண்டு 9 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் அபராதமாகக் குறைந்தது. 1968இல் மீண்டும் கைதானார். ஒலிப்பதிவுக்கு வராத நாள்கள் பெருகின. வந்தும் வாசிக்க இயலாத நாள்களும் இருந்தன. அந்நிலையிலும் நோ எக்ஸ்பெக்டேஷன்ஸ் பாடலில் அவர் இழைத்த வழுக்கு கிட்டார், எல்மோ லூயிஸ் திரும்பிவந்தது போன்றது.

சசெக்ஸில் அவர் வாங்கிய பண்ணைவீடு, வின்னி என்னும் கரடிப் பொம்மையின் கதைகளை எழுதிய ஏ. ஏ. மில்னின் பழைய இல்லம். 1969 சூன் 8 அன்று ஜாகரும் ரிச்சர்ட்சும் தாளக்கலைஞர் சார்லி வாட்ஸும் அங்கு வந்து, இனிக் குழுவில் அவருக்கு இடமில்லை என்றனர். குழு ஜோன்ஸுடையது, பெயரும் அவர் இட்டது. ஒரு மாதம் நிறைவதற்குள், சூலை 2ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, அவ்வீட்டு நீச்சல்குளத்தில் உயிரற்றுக் கிடந்தார். வயது 27. தற்செயல் மரணமென விசாரணை முடிந்தது. கொலை என்போர் உண்டு. எனினும் விசாரணையை மீண்டும் தொடங்கப் போதிய சான்றில்லை எனக் காவல்துறை 2010இல் அறிவித்தது.

சூலை 5 அன்று ஹைட் பூங்காவில் லட்சக்கணக்கானோர் முன்னிலையில், கீட்சின் மறைவுக்கு ஷெல்லி பாடிய இரங்கற்பாவிலிருந்து ஜாகர் சில பகுதிகளை வாசித்தார். பிறகு புதிய கிட்டார் கலைஞரோடு நிகழ்ச்சி நடந்தது.

1968இல் மொராக்கோ மலைச்சிற்றூரான ஜஜூக்காவுக்குச் சென்ற ஜோன்ஸ், நாதசுரம்போல் சீவாளி பொருத்திய குழல்களையும் முழவுகளையும் முழக்கும் கலைஞர்களை ஒலிப்பதிவு செய்துவந்திருந்தார். 1971இல் அது இசைத்தட்டாக வெளிவந்தது. அட்டைத் தலைப்பில் ஜோன்ஸின் பெயர் இருக்கிறது. உள்ளே ஒலிப்பது முழுவதும் அந்த ஊர்க்காரர்களின் வாசிப்பு.