தண்ணீரைப் படித்த ஆசிரியை

எம்.ஐ.டி. என்றதும் நம்மில் பலருக்குக் குரோம்பேட்டைதான் ஞாபகத்துக்கு வரும். நான் எழுதப் போவது இன்னொரு எம்.ஐ.டி.யைப் பற்றி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம். அந்தக் காலத்தில் அது பாஸ்டன் நகரில் இருந்தது. அங்கே படித்து, கடைசிவரை அங்கேயே பாடம் சொல்லிக்கொடுத்த எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் அம்மையாரை நம் மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1842-ல் டன்ஸ்டபிள் என்ற சிற்றூரில் பிறந்தவர். வசதி குறைவு. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தும், கிடைத்த வேலைகளைப் பார்த்தும் காசு சேர்த்து, 25 வயதில்தான் வாஸர் பெண்கள் கல்லூரியில் சேர முடிந்தது. 1870-ல் பட்டம் வாங்கிய கையோடு, ரசாயனம் படிக்க எம்.ஐ.டி.க்கு விண்ணப்பித்தார். அதுவரை பெண்களே இல்லாத இடம்! சேர்த்துக்கொண்டார்கள், ஃபீஸும் வேண்டாம் என்றார்கள். ஏதோ தயாள குணம் என்று நினைத்துவிடாதீர்கள். யாராவது ஆட்சேபித்தால், இவர் முறையான மாணவி இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளத்தான்! விஷயம் அவருக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. 1873-ல் அங்கே பட்டம் பெற்ற முதல் பெண் ஆனார். மேலும் படித்தார், டாக்டர் பட்டம் மட்டும் கிடைக்கவில்லை.

1876-ல் பெண்களுக்கென்று ஒரு ஆய்வகம் தொடங்கக் காரணமாக இருந்து, சம்பளமில்லாமல் அங்கே கற்பித்தார். 1884-ல் சுகாதார ரசாயனத்தில் இன்ஸ்ட்ரக்டர் பதவி கிடைத்தது. 27 வருஷம் கழித்து இறக்கும்போதும் அதே பதவிதான்.

1887-ல் மாசசூசெட்ஸ் சுகாதார வாரியம் மாநிலத்தின் நீர்நிலைகளை எல்லாம் சோதிக்க முடிவு செய்தது. பேராசிரியர் தாமஸ் டிரௌன் தலைமை. ஆய்வகப் பொறுப்பு எலன் அம்மையாருக்கு. 20,000-க்கும் மேற்பட்ட மாதிரிகள் வந்து குவிந்தன. அந்த எண்களிலிருந்து பிறந்ததுதான் இயல்பு குளோரின் வரைபடம்.

சங்கதி இதுதான். கடல் உப்பு காற்றோடு போய் மழையில் இறங்குகிறது. கரையிலிருந்து உள்ளே போகப் போகத் தண்ணீரில் குளோரைடு குறைகிறது. ஆக, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு இயல்பு அளவு உண்டு. மனிதக் கழிவிலும் உப்பு இருக்கிறது. கழிவுநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கிருமிகள் வடிகட்டப்படும். அம்மோனியா நைட்ரேட்டாக மாறிவிடும். குளோரைடை மட்டும் மண்ணால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே இயல்புக்கு மேலே ஏறிய குளோரைடு, இங்கே சாக்கடை கலந்திருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும் சாட்சி.

சில்வர் நைட்ரேட் விட்டு, மஞ்சள் செங்கல் சிவப்பாக மாறும் இடத்தில் நிறுத்துகிறோமே, அதே சோதனைதான். நம் ஐ.எஸ். 10500 தரப்படி லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கலாம். நாமும் அதற்குள் இருந்தால் சரி என்று எழுதிவிடுகிறோம். ஆனால் இயல்பாக 30 இருக்கிற ஊரில் 120 வந்தால்? தரத்துக்குள்தான், ஆனாலும் பக்கத்தில் செப்டிக் டேங்க் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடலோரக் கிணற்றில் அதே 120 சாதாரணமாக இருக்கலாம். குடிநீர் வேலையில் இருக்கிற எனக்கு இந்த வித்தியாசம் தினசரி உதவுகிறது. ஊரின் இயல்பு தெரியாமல் ஒற்றை எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

1911 மார்ச் 30-ல், 68-வது வயதில் காலமானார். பேராசிரியர் ஆகாதவர் பெயரில் எம்.ஐ.டி. 1973-ல் ஒரு பேராசிரியர் பதவியை ஏற்படுத்தியது.

இந்த மலருக்குப் பொருத்தமான செய்தி ஒன்று. 1881-ல் மாரியன் டால்பட்டோடு சேர்ந்து, பட்டம் பெற்ற பெண்களைப் பாஸ்டனில் கூட்டி ஒரு பழைய மாணவியர் சங்கம் உருவாக வழி செய்தவரும் இவரே. கூடிக் கலைவதோடு நிற்காமல், அடுத்த தலைமுறைப் பெண்களுக்குக் கல்லூரிக் கதவைத் திறக்க அது பாடுபட்டது.

நாமும் ஏதாவது செய்யலாமே! அடுத்த சந்திப்புக்கு வரும்போது, உங்கள் ஊர்க் கிணற்றிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவாருங்கள். ஊர், தேதி, கிணற்றின் ஆழம் எழுதி ஒட்டுங்கள். மாணவர்கள் சோதித்து வரைபடத்தில் குறிக்கட்டும். வருஷா வருஷம் தொடர்ந்தால், நம் ஊர்களின் இயல்பு என்ன என்று நம் கல்லூரிக்குத் தெரிந்திருக்கும்.