புகையை விரட்டியவர்



போன சுற்றுலாவுல ஊட்டி மலை ரயிலில் போனோமே, ஞாபகம் இருக்கா? குன்னூர், வெலிங்டன் தாண்டியதும் அருவங்காடு என்று ஒரு ஸ்டேஷன் வந்தது. எல்லாரும் குரங்கைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் பெயர்ப்பலகையைப் படித்துக்கொண்டிருந்தேன். இங்கேதான் கார்டைட் ஃபேக்டரி இருக்கு, புகை வராத வெடிமருந்து செய்ய 1904-இல் ஆரம்பிச்சது என்று அறிவியல் சார் சொன்னார். எனக்கு ஒரே ஆச்சரியம். தீபாவளிக்கு ஒரு லட்சுமி வெடி வெடித்தாலே தெருவே புகை மூட்டமாகிறது. புகையே இல்லாமல் எப்படி வெடிக்கும்? யார் கண்டுபிடித்தார்? ஊருக்கு வந்ததும் நூலகத்தில் தேடினேன். தேடிப் போன இடத்தில் நமக்கெல்லாம் நன்றாகத் தெரிந்த ஒரு பெயர் நின்றது. ஆல்பிரட் நோபல்! டைனமைட் கண்டுபிடித்தவர், பரிசு ஏற்படுத்தியவர் என்று மட்டும்தான் எனக்கு அவரைத் தெரியும். மீதிக் கதையை இங்கே எழுதுகிறேன்.

நோபல் 1833 அக்டோபர் 21-இல் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் பிறந்தார். அப்பா இம்மானுவேல், அம்மா ஆண்ட்ரியெட். அவர் பிறந்த சமயத்தில் அப்பா தொழிலில் நொடித்துப் போயிருந்தார். பிறகு அப்பா ரஷ்யாவுக்குப் போய் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பட்டறை வைத்து, கடல் கண்ணி வெடி செய்து நிமிர்ந்தார். 1842-இல் குடும்பமும் அங்கே போய்ச் சேர்ந்தது. நோபலுக்கு வீட்டிலேயே ஆசிரியர்கள் வந்து பாடம் நடத்தினார்கள். பதினேழு வயதுக்குள் சுவீடிஷ், ரஷ்யன், பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன் என்று ஐந்து மொழிகள்! நாம ரெண்டு மொழிக்கே திணறுகிறோம். சின்ன வயதிலிருந்தே உடம்புக்கு முடியாதவர், கவிதை எழுதுவதில் ஆசை உள்ளவர் என்பதும் எனக்குப் புது செய்தி.

நைட்ரோகிளிசரின் என்ற திரவத்தை இத்தாலியரான சொப்ரேரோ 1847-இல் கண்டுபிடித்திருந்தார். சும்மா ஆட்டினாலே வெடிக்கும். அதை அடக்கி மலை உடைக்கவும் சுரங்கம் தோண்டவும் பயன்படுத்த முடியுமா என்று நோபல் இறங்கினார். 1864 செப்டம்பர் 3-ஆம் தேதி ஸ்டாக்ஹோமில் இருந்த அவர்கள் பட்டறை வெடித்துச் சிதறியது. இறந்தவர்களில் அவருடைய கடைசித் தம்பி எமிலும் ஒருவர். இதைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எனக்கும் ஒரு தம்பி இருக்கிறான்.

நகருக்குள் இனி இந்த வேலை கூடாது என்று தடை வந்தது. நோபல் ஏரியில் ஒரு படகை நிறுத்தி அதில் சோதனையைத் தொடர்ந்தார். கடைசியில் அந்தத் திரவத்தை ஒருவித மண்ணில் ஊற வைத்தால் அடங்கி இருக்கிறது என்று கண்டார். அதுதான் 1867-இல் காப்புரிமை பெற்ற டைனமைட்.

இனிதான் புகை விஷயம். டைனமைட் பாறையை உடைக்கும், துப்பாக்கிக்கு ஆகாது. குண்டைத் தள்ளாமல் குழலையே உடைத்துவிடும். அதனால் துப்பாக்கிக்குப் பல நூறு ஆண்டுகளாகக் கருமருந்துதான். வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்தது. அதில் என்ன குறை தெரியுமா? எரிந்த பிறகு பாதிக்கு மேல் வாயுவாக மாறாமல் திடப்பொருளாகவே நின்றுவிடும். ஒரு பகுதி வெள்ளைப் புகையாக வெளியே போகும். மீதி குழலுக்குள் அழுக்காக ஒட்டிக்கொள்ளும். பத்துப் பேர் சுட்டால் எதிரே இருப்பது யாரென்று தெரியாது. சுட்டவன் ஒளிந்திருக்கும் இடம் மட்டும் நன்றாகத் தெரிந்துவிடும்! துப்பாக்கியைக் கழுவாமல் வைத்தால் துருப்பிடித்துப் போகும்.

பருத்தியிலிருந்து செய்யும் நைட்ரோசெல்லுலோஸ் எரிந்தால் கிட்டத்தட்ட முழுவதும் வாயுவாகிவிடும். ஆனால் பஞ்சாக இருக்கும்போது மிக வேகமாக எரிந்து துப்பாக்கியை உடைக்கும். பிரான்சு நாட்டின் பால் வியே என்பவர் 1884-இல் அதைக் கரைத்துக் கூழாக்கித் தகடாக வெட்டினார். அப்படிக் கெட்டியானதும் வெங்காயம் உரிப்பதுபோல மேல் தோலிலிருந்து அடுக்கடுக்காக எரிந்தது. வேகம் கட்டுக்குள் வந்தது. நோபல் வேறு வழியில் போனார். நைட்ரோசெல்லுலோஸை நைட்ரோகிளிசரினிலேயே கரைத்தார். ரெண்டும் வெடிக்கிற சாமான்! ரெண்டும் சேர்ந்து, கொம்பு போல ஒரு பொருளாகி, நிதானமாக எரிந்தது. 1887-இல் வந்த அதன் பெயர் பாலிஸ்டைட்.

இந்த மருந்தில் துண்டின் அளவுதான் சூட்சுமம். கைத்துப்பாக்கியின் குழல் குட்டை. குண்டு வெளியேறுவதற்குள் எரிந்து முடிய வேண்டும். அதனால் அதற்கு மெல்லிய சின்னச் சில்லுகள். பீரங்கிக்கு நீளக் குழல். அதற்குத் தடித்த துண்டுகள். வீட்டில் சுள்ளி சீக்கிரம் எரியும், கட்டை நின்று எரியும் இல்லையா, அதே கணக்குதான்.

எந்த மருந்தைத் தேர்ந்தெடுப்பது என்று நாடுகளுக்குள் போட்டி வந்தது. நோபல் அப்போது குடியிருந்தது பிரான்சில். ஆனால் பிரான்சு தன் நாட்டு வியேயின் மருந்தையே வைத்துக்கொண்டது. நோபல் இத்தாலிக்கு விற்றார். உடனே பிரெஞ்சுப் பத்திரிகைகள் அவரைத் துரோகி, ஒற்றன் என்று தூற்றின. ஆய்வுக்கூடம் மூடப்பட்டது. 1891-இல் வீட்டைக் காலி செய்து இத்தாலியின் சான் ரெமோவுக்குப் போனார். இங்கிலாந்தில் அவருக்குத் தெரிந்தவர்களான ஏபலும் டீவாரும் அவருடைய மருந்தைக் கொஞ்சம் மாற்றி 1889-இல் கார்டைட் என்று தனியாகக் காப்புரிமை வாங்கினார்கள். வழக்கு நடந்தது. நோபல் தன் காப்புரிமையில் கரையும் வகை நைட்ரோசெல்லுலோஸ் என்று எழுதியிருந்தார். அவர்கள் கரையாத வகையைப் போட்டிருந்தார்கள். அந்த ஒரு வார்த்தையால் 1895-இல் நோபல் தோற்றார். பரீட்சையில் ஒரு வார்த்தை மாறினால் மார்க் போவது மாதிரி! அருவங்காட்டில் செய்தது அந்தக் கார்டைட்தான்.

சுத்தமாக எரிவதால் எல்லாம் நல்லது என்று நினைக்காதீர்கள். கார்டைட் அழுக்கை விடவில்லை. ஆனால் அதன் சூடு குழலின் உட்புறத்தையே அரித்தது. அதனால் 1901-இல் நைட்ரோகிளிசரினைக் குறைத்துப் புது வகை செய்தார்கள். பிரான்சின் மருந்து நாளானால் தானே சிதையும். 1907-இல் இயேனா, 1911-இல் லிபர்த்தே என்ற அவர்களுடைய போர்க்கப்பல்கள் தூலோன் துறைமுகத்திலேயே வெடித்ததற்கு அதுதான் காரணம் என்று சொல்லப்பட்டது.

எனக்கு இன்னொன்றும் மனதை உறுத்தியது. புகை போனதால் யாருக்கு லாபம்? சுடுகிறவன் மறைந்துகொண்டான். இயந்திரத் துப்பாக்கி நிற்காமல் சுட முடிந்தது. ஆயுதம் பயங்கரமாக ஆனால் நாடுகள் பயந்து சண்டையையே விட்டுவிடும் என்று நோபல் நம்பினார். அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. 1914-இல் முதல் உலகப் போர் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

1888-இல் அவருடைய அண்ணன் லுட்விக் இறந்தபோது ஒரு பாரிஸ் பத்திரிகை ஆல்பிரட்தான் இறந்தார் என்று தவறாகப் போட்டது. மனித குலத்துக்கு நன்மை செய்தவர் என்று சொல்ல முடியாத ஆள் என்கிற தொனியில் அந்தச் செய்தி இருந்தது. உயிரோடு இருக்கும்போதே அப்படிப் படித்தால் எப்படி இருக்கும்? அவர் மனதில் என்ன ஓடியதோ, 1895 நவம்பர் 27-இல் பாரிசில் உயில் எழுதினார். சொத்தில் பெரும்பகுதியான 3 கோடியே 10 லட்சம் குரோனருக்கு மேற்பட்ட பணம் பரிசுகளுக்கு. இயற்பியல், வேதியியல், மருத்துவம், இலக்கியம், அமைதி என ஐந்து. 1896 டிசம்பர் 10-இல் சான் ரெமோவில் காலமானார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பக்கத்தில் சொந்தக்காரர் யாருமில்லை. 1901-இலிருந்து பரிசு வழங்கப்படுகிறது. நம்ம சர் சி.வி. இராமன் 1930-இலும், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009-இலும் வாங்கினார்கள்.

துப்பாக்கிக்குள் அழுக்கு தங்காமல் இருக்க வழி கண்டவர், தன் பெயரில் அழுக்கு தங்கக்கூடாது என்று கடைசியில் தன் சொத்தைக் கொடுத்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர் நல்லவரா, இல்லையா என்று எங்கள் வகுப்பில் ரெண்டு கட்சியாகச் சண்டை நடக்கிறது. நீங்க என்ன நினைக்கிறீங்க? இந்தத் தாளுக்குக் கீழே பென்சிலில் எழுதிட்டுப் போங்க.

உங்களுக்குத் தெரியுமா?
நோபல் வாங்கிய காப்புரிமைகள் மொத்தம் 355.

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு